பாலிஷ் போட்ட படகு

அத்தியாயம் 6

மலை மேலுள்ள ஊசிக்கொல்லை ஏரிக்கு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பார்த்திபனுக்கு மூன்று மரியாதைகள் நடந்து முடிந்திருந்தன. பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்சக்கரத்தில் காற்று இல்லை. டீக்கடையில், முன்னால் நின்றவனுக்கு ஆற்றிக் கொடுத்த அம்மாள் இவன் முறை வந்ததும் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பால் நிறைந்த பாத்திரத்தை மூடி வைத்தாள். சரி, கொஞ்சம் உட்காரலாமே என்று கரையில் இழுத்துப் போட்டிருந்த இரண்டாம் நம்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்தான். எங்கிருந்தோ வந்த ஒரு தேனீ அவன் இடது காதில் கொட்டிவிட்டுப் போனது.

“இந்த ஊர்ல பூச்சிக்குக்கூட நம்மள புடிக்கல மேடம்” என்றான் காதைப் பொத்திக்கொண்டு.

அமுதவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. அன்னப்பறவை வடிவப் பெடல் படகு ஒன்றின் மேல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துவிட்டு, விரல் நுனியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துச் சேதம் பார்த்தவள். உடைந்த பொருள் பொய் சொல்லாது, உடைத்தவன்தான் சொல்வான் என்பது அவள் வேதம். வேலையை விட்டு வேலூரில் துப்பறியும் அலுவலகம் திறந்து மூன்று வருடம் ஆகிறது. பார்த்திபன் அவளுடைய ஒரே உதவியாளன். சம்பளத்துக்கு மேல் பேசுகிறான் என்பது அவளுடைய குற்றச்சாட்டு.

விரலில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியிருந்தது.

“கோலமாவா?” என்றான் பார்த்திபன்.

“வெயில். ஃபைபர் படகு வெயில்லயே கிடந்தா மேல்தோல் செத்துப் பொடியா உதிரும். இங்க இருக்கற பெடல் படகு அத்தனையும் இப்படித்தான் இருக்கு. உன் காதை விட்டுட்டு வா.”

பதினைந்து நாளைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏரி மேல் பனி இறங்கும் நேரத்தில் நடந்த சாவு அது. வாடகைப் படகுகளைக் கரைக்குத் திரட்டி வர இரண்டு மோட்டார் படகுகளும் உள்ளே போயிருந்தன. ரப்பர் டியூபில் உட்கார்ந்து வலை வீசிக்கொண்டிருந்த பழனியை அவற்றில் ஏதோ ஒன்று இடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் உடல் மிதந்தது. போலீஸ் வந்து பார்த்தபோது நான்காம் நம்பர் படகின் மூக்கு உடைந்திருந்தது. நான்காம் நம்பரை ஓட்டுகிறவன் ரங்கன்.

ரங்கன் வேறு யாருமில்லை, செத்தவனின் மச்சான். பழனியின் மனைவி சாந்தம்மாளின் கூடப் பிறந்த தம்பி. ஒரு புளியமரம் யாருக்கு என்பதில் மாமனும் மச்சானும் ஆறு மாதமாக முகம் பார்த்துப் பேசவில்லை. அவல் கிடைத்தால் ஊர் சும்மா இருக்குமா? மென்று தீர்த்துவிட்டது. ஜாமீனில் வெளியே வந்த ரங்கனுக்குக் கடையில் தீப்பெட்டிகூடக் கிடைக்கவில்லை. கவனக்குறைவு வழக்கைக் கொலை வழக்காக மாற்ற இன்ஸ்பெக்டர் சிங்காரம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

நாளை பதினாறாம் நாள் காரியம். அன்று சாந்தம்மாள் கட்டிக்கொள்ள வேண்டிய தாய்வீட்டுக் கோடிப் புடவையைத் தம்பிதான் கொண்டுவர வேண்டும். மூன்று நாளைக்கு முன் தனியாகப் பஸ் ஏறி வேலூருக்கு வந்த சாந்தம்மாள், அலுவலக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என் தம்பி கொண்டார கோடிய நான் கட்டிக்கறதா, அவன் மூஞ்சில வீசறதா? அத மட்டும் சொல்லுங்க. கட்டிக்கினா புருசன கொன்னவன் கையால வாங்கினவ ஆவேன். வீசினா எனக்குப் பொறந்த வூடே இல்ல.”

அதற்குப் பிறகு அமுதவல்லி சரியாகத் தூங்கவில்லை என்பது பார்த்திபனுக்குத் தெரியும். எரிந்து விழும் அளவு இரண்டு மடங்காகியிருந்தது.

படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த தனசேகரன் சந்தவாசல்காரர். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் அகலமான குங்குமம். விசாரணை முடியும்வரை துறையை மூடச் சொல்லியிருந்ததால் உலகத்தின் மேலேயே கோபமாக இருந்தார். அவர் மனைவியின் தம்பி சிவசங்கர் துறை அலுவலகக் கதவோரம் ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொரு மோட்டார் படகான இரண்டாம் நம்பரை ஓட்டுகிறவன் அவன். அவன் துடுப்பைப் பிடித்திருந்த விதம் படகு ஓட்டுவதற்கானதாகப் பார்த்திபனுக்குத் தோன்றவில்லை.

வெளியே போகச் சொல்லி இரண்டு முறை சொல்லிவிட்டார் தனசேகரன். மூன்றாவது முறை சொல்ல வாயைத் திறந்தபோது அமுதவல்லி குறுக்கே கேட்டாள்.

“உங்க படகுக்கெல்லாம் மெழுகு போடுவீங்களா, பாலிஷ் போடுவீங்களா?”

தனசேகரன் பழனியைப் பற்றி, ரங்கனைப் பற்றி, பனியைப் பற்றிக் கேட்பாள் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தவர். அதில் இது இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட அவருக்கு மனமும் இல்லை.

“மெழுகெல்லாம் கரண்டு போனா ஏத்தறதுக்கும்மா. போட்டுக்குப் பாலிஷ்தான். காருக்குப் போடற ரப்பிங் பாலிஷ். மிசின் வெச்சி என் கையால நானே போடுவேன். இவனுங்கள நம்பி வுட முடியாது.”

கதவோரம் நின்ற சிவசங்கர் தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். பார்த்திபன் அதைப் பார்த்தான். அமுதவல்லியும் பார்த்தாள் என்பது அவள் கைப்பையை இடது தோளுக்கு மாற்றியதில் தெரிந்தது.

கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டதற்கு, பழனி சாவதற்கு ஒரு வாரம் முன்பு, இரண்டு மோட்டார் படகுக்கும் போட்டேன் என்றார். பெடல் படகுகளுக்கு ஏன் போடவில்லை என்றதற்கு, நேரம் கிடைக்கவில்லை என்றார். அதோடு போனை எடுத்துக் காதில் வைத்து, இன்ஸ்பெக்டரை வரச் சொல்கிறேன், அவர் வருவதற்குள் எல்லையைத் தாண்டியிருந்தால் உங்களுக்கு நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார்.

வெளியே வந்தார்கள். போலீஸ் கயிறு கட்டிய நான்காம் நம்பர் படகு வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கயிற்றைத் தொடாமல், தார்ப்பாய் விலகியிருந்த இடத்தில் அமுதவல்லி குனிந்து பார்த்தாள். மூக்கில் கை நுழையும் அளவு உடைப்பு. உடம்பெல்லாம் பெடல் படகு மாதிரி வெளுத்து, தொட்டால் மாவு. ஆனால் ‘4’ என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுற்றி ஒரு முழம் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

இரண்டாம் நம்பருக்குப் போனாள். அங்கே வேறு கதை. உடம்பு முழுக்க வழவழப்பு, விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ‘2’ என்ற ஸ்டிக்கரைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கூடுதல் பளபளப்பு.

“ஒருத்தன் தலையோட குளிச்சிருக்கான். இன்னொருத்தன் மூஞ்சி மட்டும் கழுவியிருக்கான்” என்றான் பார்த்திபன்.

“முதல் தடவையா சம்பளத்துக்கு ஒரு வேலை பண்ணியிருக்க.”

“பாலிஷ் போடறவரு பாதியில சோம்பேறி ஆயிட்டாரு போல.”

“சோம்பேறின்னா மூக்குலேர்ந்து ஆரம்பிச்சு நடுவுல நிறுத்துவான். இவன் நம்பரைச் சுத்தி மட்டும் போட்டிருக்கான். கேளு. மெழுகு மேல உக்காந்து காக்கும். பாலிஷ் தேய்ச்சு எடுக்கும். காக்க நினைக்கறவன் முழுசா பூசுவான். எடுக்க நினைக்கறவன்தான் எங்க எடுக்கணுமோ அங்க மட்டும் தேய்ப்பான்.” அவள் நிமிர்ந்தாள். “இவன் எதை எடுத்தான்?”

ரத்தக்கறையாக இருக்கும் என்றான் பார்த்திபன். அதற்கு ஏரித் தண்ணீர் போதும், மிஷின் எதற்கு என்று அவனை அங்கேயே கவிழ்த்துவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள். பைக்கில் காற்று இல்லாததால் ரங்கன் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டரும் நடைதான். பின்னால் வந்த ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினார்கள். நின்றது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார் டிரைவர். ரங்கன் பெயரைச் சொன்னதும் ஜீப் கிளம்பிவிட்டது. பார்த்திபன் வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டே வந்தான். காது இப்போது பணியாரம் அளவுக்கு வீங்கியிருந்தது.

ரங்கனின் மனைவி மாணிக்கம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்தாள், முறத்தை நிறுத்தவில்லை. உமி நேராக இவர்கள் மேல் பறக்கும்படி சற்றுத் திரும்பி உட்கார்ந்து புடைத்தாள்.

“தூக்குல போட்டப்பறம் வந்து பாத்துட்டுப் போங்க” என்றாள்.

உள்ளேயிருந்து ரங்கன்தான் வரச் சொன்னான். முப்பத்தைந்து வயதிருக்கும். தாடி, பதினைந்து நாளாக யாரிடமும் பேசாத குரல். கூரை மரத்திலிருந்து பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கயிற்றில் தொங்கியது. ஒரு மூலையில் மஞ்சளாகக் கறை. சாட்சியம் என்றால் இப்படித்தான் தொங்கும் என்று பார்த்திபன் கையை நீட்டினான். உள்ளே வந்த மாணிக்கம்மாள் அவன் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, பொட்டலத்தை அவிழ்த்துப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அவள் அடித்த அடி காதை மறக்கடித்தது.

அன்று மாலை தான் வடகரைக்குப் போனதாகவும், இன்னொரு படகின் சத்தம் தென்கரைப் பக்கம் கேட்டதாகவும், பனியில் யார் ஓட்டினார்கள் என்று தெரியவில்லை என்றும் ரங்கன் சொன்னான். எதையும் நம்பும்படி சொல்ல அவன் முயலவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டிலிருந்தே போலீஸ் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு படகுத்துறைப் பக்கமே அவனை அண்டவிடவில்லை. உடைந்த படகை அவன் இன்றுவரை கண்ணால் பார்க்கவில்லை. நம்பர் நாலு என்று போட்டோவில் மட்டும் காட்டினார்களாம்.

“இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லிட்டிருப்பேன். எங்க அக்கா புருசங்க அவுரு. மரத்துக்குச் சண்ட போட்டேன். மனுசனுக்கா போட்டேன்?”

அமுதவல்லி படகுக்கு என்ன போடுவாய் என்று மட்டும் கேட்டாள். அதுவரை செத்துக் கிடந்த குரலில் முதல்முறையாகச் சூடு வந்தது.

“அந்த ஆளு பாலிஷு டப்பாவ குடுப்பாரு. நான் தொடமாட்டேன். அது தேச்சித் தேச்சித் தோல எடுக்குதுங்க. இன்னிக்கி மின்னும், ரெண்டு மாசத்துல திருப்பி வெளுக்கும், திருப்பி எடுக்கணும். எத்தினி வாட்டி எடுப்ப? போட்டு காயிதமா பூடும். என் போட்டுக்கு மலைத்தேன் மெழுகுதான். தேனடைய உருக்கி, இலுப்பெண்ண ஊத்தி, சூட்டோட துணியில தொட்டு வழிச்சி வுட்ருவேன். சீட்டுக்கு அடியிலகூட வுடமாட்டேன். ரெண்டு வருசமா வெயில்ல கெடக்குது, ஒரு பொட்டு மாவு வந்துச்சா கேளுங்க.”

“அடையைப் பிழிஞ்சு, கழுவி, வடிகட்டித்தானே உருக்குவ?”

“கழுவினா வாசன பூடுங்க. அப்படியேதான். அதுக்குத்தான் அந்த ஆளு கத்துவாரு. டூரிஸ்ட்டுங்க கம்ப்ளெயிண்ட் குடுக்கறாங்கன்னு போன மாசம் டப்பாவ தூக்கி என் மேலயே எறிஞ்சாரு.”

“என்ன கம்ப்ளெயிண்ட்?” என்று பார்த்திபன் கேட்டான்.

ரங்கன் பதில் சொல்வதற்குள் மாணிக்கம்மாள் முறத்தோடு குறுக்கே வந்து நின்றுவிட்டாள். மெழுகையும் எண்ணெயையும் கேட்டு எழுதிக்கொண்டு போய் நீங்கள் என்ன கிழிக்கப் போகிறீர்கள், நாளைக்குப் பதினாறாம் நாள், அந்த அம்மா வீட்டு வாசலில் இந்த மனுஷன் நாய் மாதிரி நிற்கப் போகிறான், போங்கள் என்று விரட்டினாள். விரட்டும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத்தான் அத்தனை சத்தம் என்று பார்த்திபனுக்குப் புரிந்தது.

வெளியே வந்ததும் அமுதவல்லி நின்று அவன் காதை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இந்த வழக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“என் காது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?”

“பத்திரமா வச்சுக்கோ. கோர்ட்ல காட்டணும்.”

திரும்பி வந்தபோது ஏரிக்கரையில் போலீஸ் ஜீப் நின்றது. ஊரும் கூடியிருந்தது. பழனியின் பங்காளிகள் பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு வழியை மறித்த மாதிரி நின்றார்கள். கொஞ்சம் தள்ளி சாந்தம்மாள் தனியாக நின்றாள். நாளைக்குக் கழற்ற வேண்டிய தாலி இன்னும் கழுத்தில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சிங்காரம் அமுதவல்லியை ஏற இறங்கப் பார்த்தார். “துப்பறியும் ஆபீஸ்னா கல்யாணத்துக்கு மாப்ள விசாரிக்கறவங்கதான? இங்க எவனுக்கும் கல்யாணம் இல்ல. கெளம்புங்க” என்றார். அத்துமீறி நுழைந்ததாகப் புகார் வந்திருக்கிறது என்றும் சொன்னார்.

அமுதவல்லி ஐந்து நிமிடம் கேட்டாள். அவர் மூன்று கொடுத்தார்.

“பார்த்தி, வாட்சைக் கழட்டு.”

கழற்றினான். வெயிலில் கறுத்த மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் வெளுப்பாக, பட்டையோடு அச்சாகத் தெரிந்தது. அவள் அதை இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டு, பக்கத்திலிருந்த அன்னப்பறவைப் படகிலிருந்து ‘7’ என்ற ஸ்டிக்கரை நகத்தால் உரித்து எடுத்தாள். ஸ்டிக்கர் கையோடு வந்துவிட்டது. ஆனால் வெளுத்த படகின் மேல் ‘7’ புதுநிறத்தில் அப்படியே இருந்தது.

“நம்பரை உரிச்சாலும் நம்பர் போகாது சார். அதை எடுக்கணும்னா தேய்ச்சுத்தான் ஆகணும். மெழுகு உதவாது, பாலிஷ்தான் வேணும். இந்த ரெண்டு மோட்டார் படகுலயும் நம்பரைச் சுத்தி மட்டும் பாலிஷ் போட்டிருக்கு. தன் கையால போட்டதா இவரே சொன்னார்.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. தனசேகரன் அசரவில்லை. ஸ்டிக்கர் பழசாகிவிட்டது, புதிது ஒட்டினேன், ஒட்டுகிற இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன், இதில் என்ன குற்றம் என்றார். நியாயமான பதில். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி, மணிக்கட்டைத் திருப்பித் தன் வாட்சைப் பார்த்தார். பங்காளிகள் ஓரடி நெருங்கி வந்தார்கள். சாந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“குற்றம் ஒண்ணும் இல்ல” என்றாள் அமுதவல்லி. “ஒரே ஒரு சந்தேகம். இந்தத் துறையில மெழுகு போடற ஆள் யாராவது உண்டா?”

“அந்த ரங்கன் ஒருத்தந்தான். அவன் போட்டுக்கு மட்டும் எதையோ காச்சி வழிச்சி வெப்பான். வேற எவனும் தொடமாட்டான்” என்றார் தனசேகரன், ரங்கன் மேல் இன்னொரு பழி விழுந்த திருப்தியோடு.

“ரங்கன் படகுக்கு மட்டும். சரி. பார்த்தி, காலைல உக்காந்த இடத்துல போய் உக்காரு.”

“மேடம், இன்னொரு காது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு.”

“போ.”

போய் இரண்டாம் நம்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்தான். நல்ல வெயில். அரை நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு தேனீக்கள் அவன் முழங்காலைச் சுற்றிவிட்டு இருக்கைப் பலகைக்கு அடியில் போய் மறைந்தன. இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அமுதவல்லி பலகையைத் தூக்கிக் காட்டினாள்.

பலகையின் அடியில் விரல் தடிமனுக்குப் பழுப்பு மெழுகு. வழித்த கையின் விரல் தடங்கள், அதில் சிக்கிய தேனடைத் துணுக்குகள், நாலைந்து தேனீக்கள். மலைத்தேன் வாசனை எல்லார் மூக்கிலும் ஏறியது. பத்து வருடமாக இந்த மலையில் தேன் எடுக்கிற பங்காளி ஒருவன் தன்னையறியாமல் “மலத்தேன்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

பிறகு கயிற்றை அவிழ்க்கச் சொன்னது இன்ஸ்பெக்டர்தான். உடைந்த நான்காம் நம்பரின் பலகையைக் கான்ஸ்டபிள் தூக்கினார். ஒட்டடையும் ஒரு பழைய சிப்ஸ் பாக்கெட்டும் இருந்தன. மெழுகு ஒரு பொட்டுகூட இல்லை.

“தேனீக்கு நம்பர் படிக்கத் தெரியாது சார்” என்றாள் அமுதவல்லி. “ரங்கன் படகு இதுதான். மூக்கு உடையாத இது. உடைஞ்சது இரண்டாம் நம்பர். ஞாயிறு சாயங்காலம் இடிச்சாங்க. திங்கள் துறைக்கு லீவு. செவ்வாய் உடல் மிதக்கறதுக்குள்ள ஸ்டிக்கரை மாத்தி, பழைய நம்பர் தடத்தை பாலிஷ் போட்டு எடுத்துட்டாங்க. மாமனும் மச்சானும் பேசறதில்லைன்னு ஊருக்கே தெரியும். பழி தானா போய் உக்காந்துச்சு.”

இப்போது எல்லாக் கண்களும் சிவசங்கர் பக்கம் திரும்பின. இரண்டாம் நம்பர் அவனுடைய படகு. துறைப் பதிவேட்டில் அன்று மாலை அவன் பெயர்தான் இருக்கிறது. அவன் முகம் வெளிறிவிட்டது. பார்த்திபன் படகிலிருந்து எழுந்து அவன் ஓடினால் பிடிக்கும் தூரத்தில் வந்து நின்றுகொண்டான். காலையிலிருந்து அவன் மேல்தான் சந்தேகம்.

தனசேகரன் பெருமூச்சு விட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். சின்னப் பையன், தெரியாமல் இடித்துவிட்டான், அழுதுகொண்டு வந்து நின்றான், மனைவியின் தம்பியாயிற்றே, காப்பாற்றுவதற்காகத்தான் ஸ்டிக்கரை மாற்றினேன், என் தப்பு அவ்வளவுதான் என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் சிலருக்குப் பரிதாபமாகவும் இருந்தது.

துடுப்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

“மாமா” என்றான் சிவசங்கர். “அன்னிக்கி சாயங்காலம் எங்க அக்காவ டயாலிசிஸுக்கு வேலூருக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?”

தனசேகரன் திரும்பவே இல்லை.

“லைசென்ஸ் உன் பேர்ல கீது, அதனால ரிஜிஸ்டர்ல உன் பேரையே எழுதியிருக்கேன், ஒண்ணியும் ஆவாதுன்னு சொன்ன. நம்பினேன். ரங்கந்தான் இடிச்சான்னு சொன்ன. அதையும் நம்பினேன். நாலு மணிக்குப் படுக்கையில போட்டாங்க, எட்டரைக்கு எறக்கினாங்க சார். ஆஸ்பத்திரியில கேளுங்க. நான் அவ பக்கத்துலதான் குந்தியிருந்தேன்.” கடைசி வாக்கியத்தை இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். அதுவரை மாமாவுக்காகத் துடுப்பைத் தூக்கி நின்றவன், இப்போது மாமா ஓட முடியாதபடி வழியில் வந்து நின்றான்.

தப்பான ஆளுக்குக் காவல் நின்றிருக்கிறோம் என்பது பார்த்திபனுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மாலை இரண்டாம் நம்பரை ஓட்டக் கரையில் மிச்சம் இருந்தது ஒரே ஆள். பாலிஷ் போட்ட அதே கை.

இன்ஸ்பெக்டர் தனசேகரனின் தோளில் கை வைத்தார். பங்காளிகள் பாய்ந்தார்கள். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் குறுக்கே நின்று தள்ளிவிட்டார்கள். அந்தத் தள்ளுமுள்ளுக்கு நடுவே சாந்தம்மாள் நேராக நடந்து வந்து தனசேகரன் முன்னால் நின்றாள். அவள் வந்த விதத்தைப் பார்த்துக் கூட்டம் தானாக அடங்கியது.

“நீ இடிச்சி வுட்டுட்டு வந்தப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?”

அவர் தரையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அதுவே பதில் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. பார்த்திபனுக்கு அந்த ஆளை ஏரியில் தள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

சாந்தம்மாள் அவரைத் திட்டவில்லை. ஜீப் கதவு சாத்தப்பட்டு, வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பங்காளிகள் பக்கம் திரும்பினாள். பதினைந்து நாளாக அவள் தம்பியைக் கொலைகாரன் என்று சொன்ன வாய்கள் அத்தனையும் இப்போது வேறு எங்கோ பார்த்தன. டீக்கடை அம்மாள் மட்டும், இரண்டு பேருக்கும் டீ போடட்டுமா என்று அமுதவல்லியிடம் கேட்டாள். பால் கிடைத்துவிட்டதா என்று பார்த்திபன் கேட்டான். அமுதவல்லி அவன் காலை மிதித்தாள்.

“தம்பிக்கு ஒரு போனு போட்டுக் குடுங்க” என்று சாந்தம்மாள் பார்த்திபனிடம் கேட்டாள்.

போட்டுக் கொடுத்தான். காதில் வைக்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள். நல்ல செய்தி சொல்கிற குரல் இல்லை. வேலை ஏவுகிற அக்காவின் அதட்டல்தான்.

“ரங்கா. நான்தான். கோடி எட்த்துட்டியா இல்லியா? எடுக்கலன்னா இப்பவே கெளம்பு. திருப்பத்தூர்ல கட ஒம்போது மணிக்கெல்லாம் சாத்திடுவான்.”

ஸ்பீக்கரில் ரங்கனின் குரல் வந்தது.

“ஸ்டேசன்லருந்து வுட்ட அன்னிக்கே எட்த்துட்டேன்க்கா. மூலையில மஞ்சத் தடவி, கூரையில கட்டி வெச்சிருக்கேன். நீ வாங்கினாலும் வாங்கலன்னாலும் நான் கொண்டாரணுமில்ல.”

பார்த்திபன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். மாணிக்கம்மாள் அடித்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

“நாளைக்கு மொத ஆளா வா” என்றாள் சாந்தம்மாள். போனை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பங்காளிகளுக்கு நடுவே வழி விடச் சொல்லி வீட்டைப் பார்த்து நடந்தாள்.